இமயமலையில் சைக்கிள் விட ஆசையா? பள்ளங்கி ரோட்டில் தொடங்குங்கள்!

கொடைக்கானலுக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் ஏரியைச் சுற்றி வாடகைச் சைக்கிள் விட்டிருப்பீர்கள். ஒரு சுற்று சுமார் 5 கிலோமீட்டர். ரோடு சமமாக இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகூட விடலாம்.

அந்தச் சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளங்கிக்குப் போய்விடாதீர்கள்!

பள்ளங்கி, கொடைக்கானல் மலையில் ஒரு கிராமம். ஊருக்கு வடக்குப் பக்கச் சரிவில் இருக்கிறது. மலையைப் படிப்படியாக வெட்டித் தோட்டம் போட்டிருக்கிறார்கள். கொடைக்கானலிலிருந்து அங்கே போகும் ரோடு இறங்கிக்கொண்டே போகும். போகும்போது மிதிக்கவே வேண்டாம். காற்று முகத்தில் அடிக்கும். ஆனந்தமாக இருக்கும். திரும்பி வரும்போதுதான் தெரியும், மலை என்றால் என்ன என்று!

மலையில் சைக்கிள் விட விரும்புகிறவர்களுக்கு இப்படிப்பட்ட ரோடு ஒரு பள்ளிக்கூடம். இறக்கமும் இங்கே உண்டு. ஏற்றமும் உண்டு. மூடுபனி, மழை, குளிர் எல்லாம் உண்டு.

இப்போது நம் ஊர்ப் பிள்ளைகள் இமயமலைக்கே சைக்கிளோடு போகிறார்கள். மணாலி என்ற ஊரிலிருந்து லே என்ற ஊருக்கு மலைப்பாதை இருக்கிறது. சுமார் 475 கிலோமீட்டர். அதைச் சைக்கிளில் கடக்க எட்டு, பத்து நாள் ஆகும். வழிகாட்டி ஒருவர் கூட வருவார். மூட்டை முடிச்சுகளை வண்டி ஏற்றி வரும். கூடாரம் அடித்துக் கொடுப்பார்கள். சமையல்காரர் சோறு போடுவார்.

"எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பணம் கட்டினால் போதும்" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. வழிகாட்டி வழி காட்டுவார். உங்களுக்காக அவர் பிரேக் பிடிக்க முடியாது. உங்களுக்காக அவர் மூச்சு விடவும் முடியாது.

மலையில் உயிருக்கு ஆபத்து வருவது இந்த இரண்டினால்தான். ஒன்று, இறக்கம். மற்றொன்று, மெலிந்த காற்று. முதலாவதைப் பள்ளங்கி ரோடு கற்றுக் கொடுக்கும். இரண்டாவதைக் கற்றுக் கொடுக்காது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இறக்கத்தில் பிறந்த சைக்கிள்

மலைச் சைக்கிள் எப்படிப் பிறந்தது தெரியுமா? அது ஒரு வேடிக்கையான கதை.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் சில இளைஞர்கள் இருந்தார்கள். பழைய கனமான சைக்கிள்களை மலைக்கு மேலே கொண்டுபோவார்கள். மண் பாதையில் ஒரே ஓட்டமாகக் கீழே இறங்குவார்கள். 1976-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி இதை ஒரு பந்தயமாகவே நடத்தினார்கள். சுமார் 2 மைல் பாதை. அதற்குள் 1,300 அடி இறக்கம்!

அந்தச் சைக்கிள்களுக்கு பிரேக், பின் சக்கரத்தின் அச்சுக்குள் இருந்தது. பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும். கீழே வந்து சேர்வதற்குள் அது பழுக்கக் காய்ந்துவிடும். உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் பிரித்து, புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. "திரும்ப அடை" என்று அர்த்தம்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் ஜோ பிரீஸ். அவர் 1977-ல் மலைக்கென்றே புதிய சைக்கிள் செய்தார். கேரி ஃபிஷர் என்பவரும் அந்தக் கூட்டத்துக்காரர்தான். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயமும் சேர்ந்துவிட்டது.

ஆக, மலைச் சைக்கிளின் முதல் கஷ்டமே பிரேக்தான். இன்றைக்கும் அதுதான்.

விரல் இரண்டு போதும்

சமவெளியில் பிரேக் பிடிப்பது வேறு. மலையில் பிடிப்பது வேறு.

இறக்கம் முழுவதும் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வருகிறார்கள் புதிதாக வருகிறவர்கள். பயம்தான் காரணம். இது தவறு. ரிம்மில் பிடிக்கும் கட்டை பிரேக்காக இருந்தால் ரிம் சூடாகிவிடும். சூடு ஏறினால் உள்ளே டியூப் வெடிக்கலாம். தட்டு பிரேக்காக இருந்தால் தட்டு காய்ந்து, பிடிப்பு குறையும். கை அழுத்தும், சைக்கிள் நிற்காது!

பின் என்ன செய்வது? வளைவுக்கு முன்னாலேயே நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். பிறகு விடுங்கள். வளைவுக்குள் பிரேக் பிடிக்காமல் உருண்டு போங்கள். அடுத்த வளைவுக்கு முன் மறுபடியும் பிடியுங்கள். பிடித்து விட, பிடித்து விட, இடையில் காற்றுப் பட்டு பிரேக் ஆறிவிடும்.

இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். சைக்கிளை நிறுத்தும் பலம் முன் பிரேக்குக்குத்தான் அதிகம். ஆனால் அதை மட்டும் திடீரென்று இழுத்தால் குட்டிக்கரணம்தான். அதனால் இறக்கத்தில் உடம்பைச் சீட்டின் பின்பக்கம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். ஹேண்டில்பாரை முழுக் கையால் இறுக்காதீர்கள். பிரேக்குக்கு இரண்டு விரல், பிடிமானத்துக்கு மற்ற விரல்கள்.

கண் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் சைக்கிள் போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குத்தான் போவீர்கள். வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. கை பழக வேண்டும். காலையில் வண்டிப் போக்குவரத்து குறைவாக இருக்கும்போது, பள்ளங்கி ரோடு போன்ற ஒரு சரிவில் நாலு தடவை இறங்கி ஏறுங்கள். நாலாவது தடவை பிரேக் கட்டையைப் பாருங்கள். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது தெரியும். மழை நாளில் இன்னும் சீக்கிரம் தேயும். இமயமலைப் பயணத்துக்குப் புதுக் கட்டை மாற்றிக்கொண்டு போங்கள். ஒரு ஜோடி கையிலும் இருக்கட்டும்.

தலைக்கவசம் கட்டாயம். அது புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில் நிற்க வேண்டும். பின்னந்தலையில் தொப்பி போலத் தொங்கக்கூடாது. ஒரு தடவை பலமாக அடிபட்ட கவசத்தைத் தூக்கி எறிந்துவிடுங்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே நொறுங்கி இருக்கும்.

மதுரைக்காரர் மலை ஏறுவது எப்படி?

"எங்கள் ஊரில் மலையே இல்லையே?" என்று கேட்பீர்கள். பரவாயில்லை. மூன்று மாதம் முன்னாலேயே தொடங்குங்கள்.

முதல் மாதம் சமவெளியில் விடுங்கள். வாரத்தில் நாலு நாள் போதும். எதிர்காற்று அடிக்கிற திசையாகப் பார்த்துப் போங்கள். எதிர்காற்றும் ஒரு மலைதான்! ரெயில்வே மேம்பாலம் இருந்தால் பத்துத் தடவை ஏறி இறங்குங்கள். ஊரார் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இரண்டாவது மாதம் சின்ன மலை. திண்டுக்கல் பக்கத்தில் சிறுமலை இருக்கிறது. 18 கொண்டை ஊசி வளைவுகள். அதில் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஏற முடிகிறதா என்று பாருங்கள். பேச முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம். மலையில் முந்துகிறவனுக்குப் பரிசு கிடையாது. கடைசி நாள் வரை மிதிக்கிறவன்தான் கெட்டிக்காரன்.

மூன்றாவது மாதம் கொடைக்கானல். இங்கே ஒரு விஷயம் முக்கியம். ஒரு நாள் மட்டும் விட்டுப் பார்த்தால் போதாது. அடுத்தடுத்து இரண்டு, மூன்று நாள் விட வேண்டும். முதல் நாள் யாரும் மிதிப்பார்கள். இரண்டாம் நாள் காலையில் சீட்டில் உட்காரும்போதுதான் உண்மை தெரியும்! எங்கே தோல் உரிகிறது, முழங்கால் எங்கே வலிக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

முழங்கால் வலித்தால் முதலில் சீட்டின் உயரத்தைப் பாருங்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொள்கிறார்கள். பெடல் அடியில் வரும்போது கால் ஏறக்குறைய நீண்டு, முழங்கால் லேசாக மடங்கி இருக்க வேண்டும். தோல் உரிந்தால் பஞ்சு வைத்துத் தைத்த சைக்கிள் கால்சட்டை வாங்கிக்கொள்ளுங்கள். இது ஆடம்பரம் அல்ல.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று ரோடு மேல்மலைக்குள் போகிறது. பல நாள் பயிற்சிக்கு அந்த வழி நல்லது. ஒரு நாள் பூம்பாறை, மறுநாள் மன்னவனூர் என்று தங்கித் தங்கிப் போகலாம்.

ஆனால் ரோட்டை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள். இந்த மலையின் பெரும் பகுதியை 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். அந்தக் காலத்தில் கொடைக்கானலிலிருந்து மூணாறுக்குப் போன காட்டு ரோடும் அடைத்துக் கிடக்கிறது. வரைபடத்தில் கோடு இருக்கிறதே என்று போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

காட்டுமாடு இங்கே ஊருக்குள்ளேயே வரும். ஆயிரம் கிலோ எடை கூட இருக்கும். சைக்கிள் சத்தம் போடாமல் வரும் வண்டி. வளைவில் திரும்பினால் எதிரே காட்டுமாடு நிற்கும்! டீக்கடையில் நின்று, "அண்ணே, வழியில் மாடு நிக்குதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். நின்றால் தூரத்திலேயே நின்றுவிடுங்கள். அது போகிற வரைக்கும் காத்திருங்கள். மணி அடிக்க வேண்டாம்.

காரில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 மே 7 முதல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்திருக்கிறது. கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பையில் பஞ்சாமிர்தம்

சைக்கிள் விடுகிறவர்கள் வெளிநாட்டுச் சத்துப் பசையை வாங்கி உறிஞ்சுகிறார்கள். ஒரு பொட்டலம் என்ன விலை! பழனி அடிவாரத்தில் அதைவிட நல்ல சாமான் இருக்கிறதே!

பஞ்சாமிர்தத்தில் என்ன இருக்கிறது? வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, தேன், நெய், கற்கண்டு. மலை ஏறுகிறவனுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. சட்டென்று பலம் கொடுக்கும் இனிப்பும் உண்டு. நெடுநேரம் தாங்கும் நெய்யும் உண்டு. இதற்குப் போடும் விருப்பாச்சி வாழைப்பழம் இந்தப் பழனி மலையில் விளைகிறது. கடலை மிட்டாயும் நல்லது.

எதைத் தின்றாலும் பசிக்கும் முன்னே தின்ன வேண்டும். அரை மணி, முக்கால் மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் வாயில் போடுங்கள். பசி வந்தபின் தின்றால் அது காலுக்குப் போய்ச் சேர நேரமாகும். அதற்குள் கண் இருட்டும். தண்ணீரும் அப்படித்தான். குளிரில் தாகம் தெரியாது. தெரியாவிட்டாலும் குடியுங்கள். கொடைக்கானலில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. வீட்டிலிருந்தே சைக்கிள் பாட்டில் கொண்டுபோங்கள்.

ஞாயிறு மலரின் இன்னொரு உபயோகம்

மலை ஏறும்போது வியர்வை கொட்டும். உச்சியில் நிற்போம். பிறகு இறங்குவோம். அப்போது ஈரச் சட்டையில் குளிர்காற்று அடிக்கும். பல் கிடுகிடுவென்று ஆடும். விரல் மரத்துப்போகும். மரத்த விரல் பிரேக் பிடிக்குமா? குளிர் என்பது வெறும் கஷ்டம் அல்ல. ஆபத்து.

பிரான்சு நாட்டில் நடக்கும் பெரிய சைக்கிள் பந்தயத்தில் வீரர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள். மலை உச்சியில் நிற்கும் ஜனங்களிடம் செய்தித்தாள் வாங்கிச் சட்டைக்குள் மார்பில் செருகிக்கொள்வார்கள். காகிதம் காற்றைத் தடுத்துவிடும். படித்து முடித்த இந்தத் தாளைக்கூட அதற்கு வைத்துக்கொள்ளலாம்!

உடுப்பை அடுக்கடுக்காகப் போட வேண்டும். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். நனைந்தால் காயாது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கம்பளி ஆடுகளை அங்கே பார்க்கலாம். அந்த ஆடுகளுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிய வேண்டும். மேலே காற்றும் மழையும் புகாத சட்டை ஒன்று. கைக்கு முழு விரல் உறை ஒன்று. இவை முதுகுப் பையிலேயே இருக்கட்டும். சாமான் வண்டியில் போட்டால், வண்டி பத்து மைல் முன்னே போயிருக்கும்.

கொடைக்கானல் முடிகிற இடத்தில் மணாலி தொடங்குகிறது!

இப்போது இரண்டாவது ஆபத்துக்கு வருவோம்.

கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். மணாலி சுமார் 6,700 அடி. பார்த்தீர்களா? நாம் ஏறி முடிக்கும் உயரத்தில்தான் அங்கே பயணமே தொடங்குகிறது. அடுத்து வரும் ரோத்தாங் கணவாய் சுமார் 13,000 அடி. பாராலாச்சா கணவாய் சுமார் 16,000 அடி. டாங்லாங் கணவாய் 17,000 அடிக்கும் மேல்!

உயரம் போகப் போகக் காற்று மெலிகிறது. வீட்டுப் பெண்களுக்கு இது சமையலிலேயே தெரியும். கீழே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. கொடைக்கானலில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கும், ஆனால் பருப்பு லேசில் வேகாது. காற்றின் அழுத்தம் குறைவு என்பதுதான் காரணம். நாம் இழுக்கும் மூச்சிலும் அதே குறைதான். டாங்லாங் கணவாயில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு, நம் கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி.

நன்றாகப் பயிற்சி செய்தவனுக்கு இது வராது என்று நினைக்காதீர்கள். பயில்வானுக்கும் வரும். பார்க்கப்போனால், கால் பலம் உள்ளவன் வேகமாக மேலே போய்விடுகிறான். அவனைத்தான் சீக்கிரம் பிடிக்கிறது.

முதலில் தலை வலிக்கும். சோறு பிடிக்காது. வாந்தி வரும். தூக்கம் வராது. இந்த அடையாளம் தெரிந்தால் மேலே போகக்கூடாது. அங்கேயே தங்க வேண்டும். குறையாவிட்டால் இறங்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குடிகாரன் போல நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு நிமிஷமும் தாமதிக்கக்கூடாது. ராத்திரியானாலும் கீழே கொண்டுபோக வேண்டும். நுரையீரலிலும் மூளையிலும் நீர் கட்டுவதன் அடையாளம் அவை. சில மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோய்விடும்.

இதைத் தடுக்க வழி, மெதுவாக ஏறுவதுதான். 10,000 அடிக்கு மேலே போனபின், இன்று தூங்கும் இடத்தைவிட நாளை தூங்கும் இடம் 1,600 அடிக்கு மேல் உயரக்கூடாது. மூன்று, நாலு நாளைக்கு ஒரு தடவை அதே உயரத்தில் ஓய்வு. மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது. மலைக் காய்ச்சலுக்கு மாத்திரை இருக்கிறது என்று நண்பர்கள் சொல்வார்கள். டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். இருதயம், நுரையீரல், ரத்த அழுத்தம் இவற்றில் கோளாறு உள்ளவர்கள் பணம் கட்டுமுன்னே டாக்டரிடம் போங்கள்.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள்

பிள்ளைகள் விலையைத்தான் விசாரிப்பார்கள். அப்பா அம்மா வேறு சில கேள்விகளைக் கேட்க வேண்டும். போன் போட்டுக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் என்ன?

"ஒவ்வொரு ராத்திரியும் எங்கே தங்குவார்கள்? அந்த இடம் எத்தனை அடி உயரம்?" என்று கேளுங்கள். எழுதிக்கொண்டு, மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாள் குறைவு, விலை குறைவு என்று விளம்பரம் செய்கிற பயணத்தில் இந்தக் கணக்கு உதைக்கும்.

"கடைசியாக வருகிற ஆளுக்குப் பின்னால் யார் வருவார்கள்?" என்று கேளுங்கள். முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஒருவர் வேண்டும். பின்னால் வருகிறவர்தான் முக்கியம். விழுந்தவன், களைத்தவன் எல்லாரும் அவர் கையில்தான்.

"ஒருவருக்கு முடியவில்லை என்றால், அவரை இறக்கிக்கொண்டு போக வண்டி உண்டா? அப்போது மற்றவர்களுடன் யார் இருப்பார்கள்? பிராணவாயு சிலிண்டர் உண்டா?" இதற்கு உடனே பதில் வந்தால் நல்ல ஆட்கள். "அப்படியெல்லாம் ஒன்றும் நடக்காது சார்" என்று சிரித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

பிள்ளையிடமும் ஒரு வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். வழிகாட்டி "இறங்கு" என்றால் இறங்கிவிட வேண்டும். கட்டிய பணத்தை நினைத்துத் தலைவலியை மறைக்கக்கூடாது.

இமயமலை அவ்வளவு தூரமா என்று யோசிக்கிறவர்களுக்கு நம் பக்கத்திலேயே பல நாள் பயணம் உண்டு. 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' என்ற கூட்டுப் பயணம் 2008-ல் தொடங்கியது. அது தார் ரோட்டில் போவது. மூச்சுத் திணறும் உயரம் இல்லை. ஆனால் இறக்கம் இறக்கம்தான்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். வெளியூரில் பயணம் நடத்துகிறவர்களே சைக்கிளும் வாடகைக்குத் தருவதுண்டு. நம் ஊர்ச் சைக்கிளில் பெரும்பாலும் வலது கை பிரேக் முன் சக்கரத்துக்கு. அமெரிக்கா, ஐரோப்பாவுக்கென்று செய்த சைக்கிளில் இடது கை பிரேக்தான் முன் சக்கரத்துக்கு! கை பழக்கத்தில் மாற்றி இழுத்தால் முதல் வளைவிலேயே தலைகீழாகப் போக வேண்டியதுதான். சைக்கிளைக் கையில் வாங்கியதும் ஏறாதீர்கள். தள்ளிக்கொண்டு நாலு அடி நடங்கள். ஒரு கை பிரேக்கை மட்டும் பிடியுங்கள். எந்தச் சக்கரம் நிற்கிறது என்று பாருங்கள். மாறி இருந்தால் கிளம்புமுன் மெக்கானிக்கிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலைதான்.